ஸ்பானிய மொழி பேசும் சனத்திடம் ஊழியத்துக்குப் போகும் வன்னிப் பிள்ளைகளுக்கு

குருமடத்திலும் கன்னியர் மடத்திலும் இருக்கிற பிள்ளைகள், பங்கில் இளைஞர் மன்றம் நடத்துகிறவர்கள் என்று சிலர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகள் நடுவே ஊழியம் செய்ய அனுப்பினால் எப்படித் தயாராவது, போன பிறகு என்ன செய்வது, எதைச் செய்யக்கூடாது? நான் கிளிநொச்சி ஆள். தெற்கு டெக்சாஸில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில், ஒரு பங்கில் பொதுநிலை ஊழியராக இருந்துவிட்டு வந்தேன். அங்கே கண்டதையும் இங்கே நாங்கள் பட்டதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதல் வேலையை வீட்டிலேயே செய்யலாம். அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ இருந்து கேளுங்கள். 2009இல் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தபோதும், பிறகு மீள்குடியேறி வளவைத் துப்புரவாக்கிக் கொண்டிருந்தபோதும், எத்தனையோ பேர் உதவி என்று வந்தார்களே, அவர்களில் யாருடைய முகம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். படிவத்தோடு வந்து பெயரையும் குடும்ப அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொண்டு, வாளியைக் கையில் தந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்களை ஒருவரும் சொல்லமாட்டார்கள். பாயில் இருந்து தேத்தண்ணி குடித்தவரைச் சொல்வார்கள். பிள்ளையின் பெயரை அடுத்த முறையும் மறக்காமல் கேட்ட சிஸ்டரைச் சொல்வார்கள், ஒன்றும் கொண்டுவர வழியில்லாமல் வெறுங்கையோடு வந்து பக்கத்தில் இருந்து அழுத சுவாமியைச் சொல்வார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் இதைப் பாடமாகப் படித்துவிட்டு வருகிறார்கள். உதவி வாங்குகிற கையின் கூச்சம் எப்படி இருக்கும் என்று வன்னிப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை மறக்காமல் கொண்டுபோங்கள். கீழே எழுதுவது எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது.

எங்கள் பக்கத்துக்கும் அந்த எல்லைப் பக்கத்துக்கும் பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. வன்னிப் பங்குகளில் நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவந்த அமலமரித் தியாகிகள் என்ற கத்தோலிக்கத் துறவற சபை 1847இல் இலங்கைக்கு வந்தது. அதே சபை, அதே நிறுவுநர் புனித யூஜின் டி மசனெட் காலத்திலேயே, 1849இல் டெக்சாஸ் போய் இறங்கியது. மெக்சிகோ எல்லையில் ஓடும் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் பண்ணை பண்ணையாகக் குதிரையில் போய், ஸ்பானிய மொழி பேசிய ஏழைச் சனத்துக்குப் பூசை வைத்தார்கள். பியேர் கெராலும் என்ற பிரெஞ்சுக் குரு, கட்டடக் கலைஞரும்கூட, கண்பார்வை மங்கிய வயதிலும் பண்ணைகளுக்குப் போவதை நிறுத்தவில்லை. 1872இல் முட்காட்டுக்குள் வழிதவறிக் காணாமல் போனார், பத்து வருடம் கழித்துத்தான் எச்சங்கள் கிடைத்தன. அந்த முட்காட்டை நேரில் பார்த்தால் உங்களுக்கு விளங்கும். வெயிலும் புழுதியும் முள்ளும் வாய்க்கால் தண்ணீரில் நடக்கிற பயிர்ச்செய்கையும் எங்களுக்குப் புதிதில்லை.

போவதற்கு முன் இங்கேயே ஒரு பயிற்சி எடுத்துவிட்டுப் போங்கள் என்று நான் கட்டாயம் சொல்வேன். 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன! கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். காணி உறுதி இல்லாத சிக்கல், கூலி வேலை, 'வந்தவர்கள்' என்று இன்றைக்கும் காதில் விழுகிற பேச்சு, எல்லாம் அங்கே இருக்கிறது. அந்த வீடுகளுக்குப் போய் வருடக்கணக்கில் பழகுங்கள், அவர்கள் பேசும் தமிழைத் திருத்தாமல் கேளுங்கள். சொந்த மொழி பேசும் பக்கத்து ஊர்ச் சனத்தோடு சமமாக இருக்கப் பழகாத ஒருவர், டெக்சாஸில் குவாத்தமாலாக்காரரோடு சமமாக இருப்பார் என்று நான் நம்பவில்லை.

சரி, பயண அலுவல். சபையின் ஊடாக, ஆயரின் கடிதத்தோடு, அங்கே ஏற்கிற பங்கின் அழைப்போடு மட்டும் போங்கள். அமெரிக்காவுக்கு என்றால் சமய ஊழியருக்கென்று ஆர்-1 விசா இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முன் குறைந்தது 2 வருடம் அந்தத் திருச்சபையில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், முதலில் 30 மாதம் வரை தருவார்கள், மொத்தம் 5 வருடத்துக்கு மேல் இல்லை. அங்குள்ள திருச்சபைதான் உங்களுக்காக மனுப் போட வேண்டும். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குடிவரவுப் பத்திரச் சிக்கலில் தவிக்கிற சனத்துக்கு உதவப் போகிறவர் அதே சிக்கலில் நின்றால் அவர்களுக்குத்தான் பாரம். பொலிஸ் நற்சான்றிதழை நேரத்தோடு எடுங்கள். சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி இல்லாமல் அங்கே பிள்ளைகள் பக்கமே விடமாட்டார்கள், அது நல்லதும்கூட.

மொழி விஷயத்தில் பயப்பட வேண்டாம். ஐந்து உயிரொலிதான், எழுதுகிறபடியே படிக்கலாம், வினையின் கடைசியைப் பார்த்தே யார் செய்தது என்று தெரிந்துவிடும் என்பதால் எங்களுக்கு அது கைவரும். ஆண்பால் பெண்பால் பிரிப்புத்தான் கொஞ்சக் காலம் கஷ்டம் தரும், மேசைக்கும் கதிரைக்கும்கூடப் பால் உண்டு. கைபேசிச் செயலியில் படிப்பது தொடக்கத்துக்குப் போதும். அதைவிட நல்ல வழி செபமாலை. 'பாத்ரே நுவெஸ்த்ரோ', 'தியோஸ் தே சால்வே மரியா' இரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டு, அங்கே போனதும் வயதான அம்மாமாரோடு சேர்ந்து தினமும் செபமாலை சொல்லுங்கள், நாக்கு தானாகப் பழகும், சனமும் பழகும். எல்லோரையும் முதலில் 'உஸ்தெத்' என்று மரியாதையாகவே அழையுங்கள். 'தூ' என்று நெருக்கமாகப் பேசுவதை அவர்கள் தொடங்கட்டும். நடு அமெரிக்க ஆக்கள் 'வோஸ்' என்பார்கள், காது பழகினால் போதும். மூத்த பெண்ணை 'தோஞ்ஞா', மூத்த ஆணை 'தொன்' என்று பெயருக்கு முன் சேர்த்துச் சொல்வது எங்கள் ஊரில் அக்கா, ஐயா என்று சேர்ப்பதுபோல. அதை விட்டுவிட்டு வெறும் பெயரைச் சொன்னால் முகம் சுருங்கும்.

ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் எல்லாம் ஒரே சனம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர், ஒந்துராஸ், கியூபா, வெனிசுவேலா, கொலம்பியா என்று ஒரே பங்கில் ஏழெட்டு நாட்டு ஆக்கள் இருப்பார்கள், சாப்பாடு வேறு, பாட்டு வேறு, ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையும் வேறு. குவாத்தமாலாவின் மலைப் பகுதியிலிருந்து வருகிற பலருக்குத் தாய்மொழி மாம், கிச்சே போன்ற மாயா மொழிகள், ஸ்பானிய மொழியே அவர்களுக்கு இரண்டாவதுதான். மெக்சிகோவின் ஒவாகாவிலிருந்து வருகிறவர்களில் மிஸ்தெக், சப்போத்தெக் பேசுகிறவர்கள் உண்டு. இலங்கை என்றதும் சிங்களத்தில் பேசத் தொடங்குகிறவரிடம் உங்களுக்கு என்ன தோன்றுமோ அதுவேதான் அவர்களுக்கும் தோன்றும். ஆகவே ஒருவரைச் சந்தித்ததும் எந்த நாடு என்பதோடு நிற்காமல், எந்த ஊர், வீட்டில் என்ன பாஷை என்று கேளுங்கள்.

அவர்கள் எதிலிருந்து வந்தவர்கள் என்பதையும் படித்துவிட்டுப் போங்கள். குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை 36 வருடம் உள்நாட்டுப் போர். எல் சால்வடோரில் 1980 தொடக்கம் 1992 வரை. அங்கே ஏழைகளுக்காகப் பேசிய பேராயர் ஒஸ்கார் ரொமேரோவை 1980 மார்ச் 24ஆம் திகதி பூசை வைத்துக்கொண்டிருக்கும்போதே சுட்டார்கள், 2018இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். குவாத்தமாலாவில் ஆயர் ஹுவான் ஹெரார்தி, போரில் நடந்த கொடுமைகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டு இரண்டு நாளில், 1998 ஏப்ரலில் கொல்லப்பட்டார். இந்தப் பெயர்களை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தாலே பலர் மனம் திறந்து கதைப்பார்கள். ஆனால் நீங்களாகப் போரைப் பற்றிக் கேட்காதீர்கள். முள்ளிவாய்க்காலைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவர் முதல் சந்திப்பிலேயே கேட்டால் எங்களுக்கு எப்படி இருக்கிறது?

போய் இறங்கியதும் முதல் சில மாதம் எதையும் தொடங்காதீர்கள். புதிய குழு வேண்டாம், புதிய திட்டம் வேண்டாம், ஏற்கெனவே நடக்கிறதில் போய்க் கதிரை அடுக்குங்கள், பாத்திரம் கழுவுங்கள். அந்தச் சனத்தின் நேரத்தைப் படியுங்கள். தோட்டத்திலும் இறைச்சித் தொழிற்சாலையிலும் கட்டட வேலையிலும் உணவக அடுப்படியிலும் வீடு துப்புரவாக்குவதிலும் இருக்கிறவர்கள் அவர்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு 'ஆக்கள் வரவில்லை, விசுவாசம் குறைந்துவிட்டது' என்று சொல்வது பெரிய அநியாயம். பல பங்குகளில் ஸ்பானியப் பூசையை ஞாயிறு பின்னேரம் வைப்பது அதனால்தான்.

எல்லை நெடுக 'கொலோனியா' என்று சொல்லப்படும் குடியிருப்புகள் இருக்கின்றன. மலிவு விலைக்குக் காணித்துண்டு வாங்கி, காசு கிடைக்கக் கிடைக்க ஒவ்வோர் அறையாகக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். பலவற்றில் குழாய்த் தண்ணீர் சரியாக இல்லை, கழிவுநீர் வசதி இல்லை, மழை பெய்தால் தெரு சேறாகும். வீட்டுத்திட்டக் காசு பாதியில் நின்று, கூரை இல்லாத அறைக்குத் தகரம் போட்டு வாழ்ந்த எங்களுக்கு அந்த வீடுகள் அதிர்ச்சி தராது. அதிர்ச்சியை முகத்தில் காட்டுகிறவரை அவர்கள் திரும்பக் கூப்பிடுவதில்லை. உள்ளே கூப்பிட்டால் போங்கள், தந்ததைச் சாப்பிடுங்கள். பயறுவகையும் சோளத் தோசைபோன்ற தோர்த்தியாவும்தான் பெரும்பாலும் இருக்கும், உறைப்பு உங்களைத் தோற்கடிக்காது. 'வயிறு சரியில்லை' என்று தட்டிக்கழிக்க வேண்டாம், அவர்கள் அன்றைக்கு இருந்ததில் நல்லதை எடுத்துத்தான் உங்களுக்கு வைத்திருப்பார்கள்.

டிசம்பரில் தமாலே என்ற சோளமாப் பலகாரம் செய்யும் நாளில் யாராவது கூப்பிட்டால் எந்த வேலையையும் விட்டுவிட்டுப் போங்கள். முதல் நாளே சோளமடல்களை வெந்நீரில் ஊறப்போட்டு வைத்திருப்பார்கள். மேசையைச் சுற்றிப் பெண்கள் இருக்க, ஒருத்தி மடலை ஈரம் துடைத்துத் தருவாள், அடுத்தவள் கரண்டியின் பின்பக்கத்தால் சோளமாவை மெல்லிசாகத் தேய்ப்பாள், அடுத்தவள் மிளகாய்ச் சாறில் ஊறிய இறைச்சியை நடுவில் வைப்பாள், பாட்டி மடித்து நிமிர்த்திப் பெரிய பானையில் அடுக்குவாள். மாவைத் தடிப்பாகத் தேய்த்தால் பாட்டி ஒன்றும் சொல்லாமல் எடுத்து வழித்துத் திரும்ப உங்கள் கையில் தருவார். அந்த நாலைந்து மணித்தியாலத்தில், யாருடைய புருசனுக்கு வேலை போனது, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறது, யார் நெஞ்சுவலி இருந்தும் வைத்தியரிடம் போகாமல் இருக்கிறாள் என்று, எந்தப் படிவத்திலும் வராத எல்லாம் அந்த மேசைக்கு வந்துவிடும். கேட்டதை வெளியில் கொண்டுபோகாதீர்கள். வேண்டுமானால் நெஞ்சுவலிக்காரியிடம் இரண்டு நாள் கழித்துத் தனியாக 'கிளினிக்குக்கு நானும் வரட்டுமா' என்று மட்டும் கேளுங்கள்.

கூடப்போவதுதான் ஊழியத்தின் பெரும் பகுதி என்பேன். கிளினிக், பள்ளிக்கூடம், நீதிமன்றம், பிள்ளையின் பிறப்புப் பதிவு. அங்கே உங்களுக்குப் பெரிதாகச் செய்ய ஒன்றும் இருக்காது, பக்கத்துக் கதிரையில் இருப்பீர்கள், காத்திருக்கிற நேரம் குழந்தையை வைத்திருப்பீர்கள். எங்கள் தாய்மார் கச்சேரியிலும் பொலிசிலும் தனியே நின்ற நாட்களை நினைத்தால் அந்தக் கதிரையின் பெறுமதி தெரியும். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பத்து வயதுப் பிள்ளையை வைத்துத் தாயின் நோயை வைத்தியருக்கு மொழிபெயர்க்க விடாதீர்கள். ஆங்கிலம் பிள்ளைக்குத்தான் தெரியும் என்பதால் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். தாய்க்குப் புற்றுநோய் என்று தாயிடம் சொல்லும் வேலை ஒரு பிள்ளையின் தலையில் விழக்கூடாது. கேட்டால் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் தொலைபேசியிலாவது மொழிபெயர்ப்பாளரைத் தரும், சண்டை பிடித்தாவது கேளுங்கள்.

'பத்திரம் இருக்கிறதா' என்று ஒருபோதும் கேட்காதீர்கள். தாங்களாகச் சொன்னாலும் எழுதி வைக்காதீர்கள், படத்தில் முகம் வைக்காதீர்கள், முகநூலில் ஊர்ப்பெயர் போடாதீர்கள். சட்ட ஆலோசனை உங்கள் வேலையில்லை. எங்கள் ஊரில் ஏஜென்சிக்காரரிடம் காணியை ஈடுவைத்துக் காசைத் தொலைத்த கதை எந்தத் தெருவில் இல்லை? அங்கேயும் 'நோட்டாரியோ', அதாவது நொத்தாரிசு, என்று பலகை போட்டு, விசா எடுத்துத் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கான டொலர் வாங்கி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் குடிவரவு வழக்கை எடுக்க, உரிமம் பெற்ற வழக்கறிஞரோ நீதித் திணைக்களம் அங்கீகரித்த பிரதிநிதியோதான் முடியும். பல மறைமாவட்டங்களில் கத்தோலிக்கத் தொண்டு நிறுவனங்கள் குறைந்த செலவில் இதைச் செய்கின்றன, அந்தத் தொலைபேசி இலக்கம் எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும்.

இனி, நற்செய்தி. போருக்குப் பிறகு வன்னியில் அரிசி மூட்டையோடு சபைகள் வந்ததும், கூட்டத்துக்கு வந்தால்தான் உதவி என்று சிலர் சொன்னதும், அதனால் ஒரே வீட்டுக்குள் அண்ணனும் தம்பியும் பேசாமல் போனதும் எங்களுக்குத் தெரியும். அந்தப் பாவத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். உணவுப் பொதியை ஒரு நாள், ஓர் இடத்தில் கொடுங்கள், செபக் கூட்டத்தை வேறு நாள், வேறு இடத்தில் வையுங்கள். பொதி வாங்க வந்தவரிடம் பூசைக்கு வருகிறீர்களா என்று கேட்காதீர்கள். அந்தச் சனத்தில் கத்தோலிக்கர் மட்டுமில்லை, பெந்தெகொஸ்தே சபைக்காரரும் நிறைய, குவாத்தமாலாக்காரரில் மிக அதிகம். ஒரு வீட்டில் தாய் செபமாலை சொல்ல, மருமகள் வேறு சபைக்குப் போவாள். இரண்டு பேருக்கும் ஒரே அன்போடு வணக்கம் சொல்லுங்கள். யாராவது 'ஏன் இவ்வளவு தூரம் வந்தாய்' என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். அப்போது இயேசுவைப் பற்றிச் சுற்றிவளைக்காமல், வெட்கப்படாமல் சொல்லுங்கள். புனித யோசேப்வாஸ் 1687இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து தமிழும் சிங்களமும் படித்து, 1697இல் கண்டியில் அம்மைநோய் பரவியபோது மதம் பாராமல் நோயாளிகளைக் கவனித்தார். அவர் மேல் சனத்துக்கு நம்பிக்கை வந்தது அப்படித்தான்.

திருநாட்களை அவர்களே நடத்துவார்கள், நீங்கள் பின்னால் நில்லுங்கள். டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா திருநாள். 1531இல் மெக்சிகோவில் ஹுவான் தியேகோ என்ற பழங்குடி ஏழைக்கு மாதா காட்சி கொடுத்த நாள். விடியமுன் வேலைக்குப் போகிற உடுப்போடேயே வந்து பாடிவிட்டு அப்படியே வேலைக்குப் போவார்கள், நீங்களும் அந்த நேரத்துக்கு எழும்பிப் போக வேண்டும். 16 முதல் 24 வரை ஒன்பது இரவு 'பொசாதா'. சூசையப்பரும் மரியாளும் தங்க இடம் தேடியதை நடித்து, ஒரு வாசலில் நின்று பாட்டாகக் கேட்பார்கள், உள்ளே இருப்பவர்கள் இடமில்லை என்று பாடுவார்கள், கடைசியில் கதவு திறக்கும். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று போர்க்காலத்தில் கிடாரமும் பாயும் காவித் திரிந்த எங்களுக்கு அந்த வாசலில் நிற்கும்போது தொண்டை அடைக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. பதினைந்து வயதுப் பெண்பிள்ளைக்குச் செய்யும் 'கின்சேஞ்ஞேரா'வுக்குக் கடன் வாங்கிச் செலவழிக்கிறார்கள் என்று உபதேசம் பண்ணாதீர்கள். சாமத்திய வீட்டுக்கு நாங்கள் செலவழிக்காததையா?

மடு மாதாவைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். 1670இல் மாந்தையிலிருந்து ஒல்லாந்தருக்குப் பயந்து சுமார் இருபது குடும்பம் திருச்சொரூபத்தைக் காட்டுக்குள் கொண்டுபோனது, 2008 ஏப்ரலில் சண்டைக்குள் அதே சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டிவந்தது, 2015 ஜனவரி 14ஆம் திகதி ஸ்பானிய மொழியில் வளர்ந்த பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்து செபித்தது. அவர்களும் உங்களைத் தெற்கு டெக்சாஸில் இருக்கிற சான் ஹுவான் மாதா கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். 1970இல் ஒரு விமானம் மோதிக் கோவில் எரிந்தபோதும் மாதா சொரூபத்தைக் காப்பாற்றிவிட்டார்கள் என்ற கதையை ஆளுக்கு ஆள் சொல்வார்கள்.

காணாமல் போனவர்களின் தாய்மாரையும் அங்கே சந்திப்பீர்கள். மெக்சிகோவில் காணாமல் போனோர் பதிவு 2022இல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. மகனின் படத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு வெளி நிலங்களில் தேடுகிற தாய்மார் இருக்கிறார்கள். கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 முதல் போராட்டத்தில் இருந்த எங்கள் அம்மாமாரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்', 'மறந்துவிடுங்கள்' என்று அங்கே சொல்லாதீர்கள். படத்தை வாங்கிப் பாருங்கள், பெயரைக் கேளுங்கள், ஞாயிறு பூசையின் மன்றாட்டில் அந்தப் பெயரை வாசிக்க அவர்களின் அனுமதியோடு ஒழுங்கு செய்யுங்கள்.

காசு விஷயம் சுருக்கமாக: கடன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள், உங்கள் கையில் நன்கொடை வாங்காமல் பங்குக் கணக்கில் போட்டுப் பற்றுச்சீட்டு எழுதுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு எடுங்கள், வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் கதையுங்கள், கேட்ட கதைகள் நித்திரையைக் கெடுத்தால் ஆன்ம வழிகாட்டியிடமோ உளவளத்துணையாளரிடமோ போங்கள்.

திரும்புவதை, போன அன்றே யோசியுங்கள். வாசகம் வாசிப்பது, மறைக்கல்வி, நோயாளர் சந்திப்பு, எல்லாவற்றுக்கும் அந்தச் சனத்திலிருந்தே இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள், அடுத்த வருடம் அவர்கள் செய்ய நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். போகும் திகதியைக் கடைசிக் கிழமையில் சொல்லாமல் இரண்டு மூன்று மாதம் முதலே சொல்லுங்கள், சொல்லாமல் மறைந்து போனவர்கள் அவர்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே அதிகம். யார் வீட்டுக்குக் கிளினிக் பயணம் பாக்கி, யாருடைய வழக்குத் திகதி எப்போது, எந்த முதியவருக்கு வெள்ளிக்கிழமை நற்கருணை என்று, பொறுப்பெடுக்கிறவருக்கு ஒரு கொப்பியில் எழுதிக்கொடுத்து, அந்த வீடுகளுக்கெல்லாம் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் அறிமுகம் செய்துவிட்டு விமானம் ஏறுங்கள்.